காட்டு வாத்து அஞ்சல் தலைகளை எப்படி அடுக்குவது?

காட்டு வாத்துகள் வரும் நினைவு அஞ்சல் தலைகளை மட்டும் சேர்க்க ஆசை, நாடு வாரியாக அடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால் இனம் வாரியாக அடுக்குங்கள். நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

ஊசிவால் வாத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆசியா, ஐரோப்பா, வட அமெரிக்கா என்று எல்லா இடத்திலும் இருப்பதால் பல நாட்டு அஞ்சல் தலைகளில் வருகிறது. ஆண் பறவையின் மார்பு வெள்ளை, கழுத்தின் பக்கவாட்டில் மெல்லிய கோடாக ஏறிப் பழுப்புத் தலைக்குள் போய் முடியும். அந்த அஞ்சல் தலைகள் எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் வைத்து லென்ஸில் பாருங்கள், எந்த ஓவியர் பறவையை நேரில் கவனித்து வரைந்தார் என்பது அந்தக் கோட்டிலேயே தெரிந்துவிடும். பெட்டை வாத்தையும் பாருங்கள். பளிச்சென்று இல்லாததால் அதைப் பின்னால் தள்ளிவிடுவது சகஜம். அதன் இறகுக் கோலத்தைப் பொறுமையாக வரைந்த தலை கிடைத்தால் எனக்கு அன்றைக்குத் திருவிழாதான்.

தொடங்குவதற்கு சோவியத் யூனியன் 1989, 1990, 1991 ஆகிய ஆண்டுகளில் வெளியிட்ட வாத்து வரிசைகள் நல்லவை. அமெரிக்காவின் 1968ஆம் ஆண்டு 6 சென்ட் தலையில் மரப்பொந்தில் கூடு வைக்கும் 'வுட் டக்' வருகிறது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அநேகமாக அழிந்தே போயிருக்க வேண்டிய பறவை அது. வேட்டைத் தடையும் கூட்டுப் பெட்டிகளும்தான் காப்பாற்றின.

தேடும்போது 'டக் ஸ்டாம்ப்' என்று ஒன்று கண்ணில் படும். அது தபாலுக்கானது அல்ல. 1934 முதல் அமெரிக்காவில் நீர்ப்பறவை வேட்டைக்காரர்கள் வாங்கி, மேலேயே மையால் கையெழுத்துப் போட வேண்டிய கட்டணத் தலை. அந்தப் பணத்தில் சதுப்பு நிலங்கள் வாங்கிப் பாதுகாக்கப்படுகின்றன. முதல் தலையில் தண்ணீரில் இறங்கும் மல்லார்ட் வாத்து ஜோடியை வரைந்தவர் கேலிச்சித்திரக்காரர் ஜே 'டிங்' டார்லிங். 50 ஆண்டு நிறைவுக்கு 1984இல் அதே படத்தை 20 சென்ட் நினைவு அஞ்சல் தலையாகவும் போட்டார்கள். இரண்டையும் அருகருகே வைக்க முடிந்தால் விடாதீர்கள், இந்தச் சேகரிப்பிலேயே எனக்கு மிகப் பிடித்த ஜோடி அதுதான்.

அப்புறம் சில நடைமுறை விஷயங்கள். முத்திரை மூலையில் அழகாக விழுந்து, பின்பக்கம் பசையும் அப்படியே இருந்தால், அது கடிதத்தில் போகாமல் சேகரிப்பாளருக்காகவே மொத்தமாக முத்திரை குத்தியது. வைத்துக்கொள்ளலாம், ஆனால் அதிக விலை கொடுக்காதீர்கள். பழைய தலைகளில் தட்டைவாயன் வாத்துக்கு 'அனாஸ்' என்ற பேரினப் பெயர் (அறிவியல் பெயரின் முதல் சொல்) இருக்கும், இப்போது அது 'ஸ்பாட்டுலா'. இரண்டு இனம் என்று பிரித்துவிட வேண்டாம். தானாக ஒட்டும் புதிய தலைகள் பல தண்ணீரில் ஊறினாலும் கழன்று வராது. உறையோடு சேர்த்து, சுற்றிக் கொஞ்சம் ஓரம் விட்டு வெட்டி வையுங்கள்.