ஹவில்தாரின் இரண்டாவது மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம் கிடைக்குமா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் ஒரு ஹட்டியில் (படுகர் கிராமம்) இருக்கிறேன். நாங்கள் படுகர். என் கணவர் மெட்ராஸ் ரெஜிமெண்டில் ஹவில்தாராக இருந்து 2004-ல் ஓய்வு பெற்றவர். முதல் மனைவியை ஊர்க் கூட்டத்தில் தீர்த்துவிட்டு (வழக்கப்படி விவாகரத்து செய்து), 2006 மே மாதக் கடைசியில் என்னைக் கல்யாணம் செய்தார். தீர்த்த பத்திரம் இருக்கிறது. எங்களுக்கு ஒரு மகன், ஒரு மகள், இருவரும் படிக்கிறார்கள். கடைசி மூன்று வருடம் படுக்கையில் கிடந்தவரை நான் ஒருத்திதான் பார்த்தேன். முதல் மனைவியான அந்த அம்மா எட்டிக்கூடப் பார்க்கவில்லை. 2007-லேயே வேறு ஒருவரைக் கட்டிக்கொண்டு குன்னூர் பக்கம் போய்விட்டவர், இப்போது டிஸ்சார்ஜ் புக்கில் (படையிலிருந்து விடுவிக்கும்போது தரும் பதிவேடு) தன் பெயர் இருக்கிறது என்று பென்ஷன் கேட்கிறார். அவருடைய மகளும் (கல்யாணமாகிவிட்டது) வீட்டிலும் 60 சென்ட் தேயிலையிலும் பங்கு கேட்கிறாள். ரெக்கார்ட்ஸ் ஆபீஸ் (ரெஜிமெண்டின் பதிவு அலுவலகம்) யாருக்கும் தராமல், கோர்ட் உத்தரவு கொண்டுவரச் சொல்கிறது. ஆதார், ரேஷன் கார்டு எல்லாவற்றிலும் நான்தான் மனைவி. பென்ஷனும் சொத்தும் எனக்கே என்று உயிலும் எழுதி வைத்திருக்கிறார். இறந்த பிறகு வந்த இரண்டு மாத பென்ஷனைச் சடங்குச் செலவுக்கு எடுத்துவிட்டேன். நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: அம்மா, கணவரை யார் பார்த்துக்கொண்டார்கள் என்பதை எந்த நீதிமன்றமும் இந்த வழக்கில் கேட்காது. ஆதாரும் ரேஷன் கார்டும் நீங்கள் ஒரே வீட்டில் இருந்ததைக் காட்டும், அதற்கு மேல் இல்லை. பென்ஷனைப் பொறுத்தவரை உயில் செல்லாது. குடும்ப ஓய்வூதியம் இறந்தவரின் சொத்தல்ல, விதிப்படி குடும்பத்துக்கு நேராகப் போவது, அதை உயில் எழுதி யாருக்கும் கொடுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1991-லேயே வயலட் ஐசக் வழக்கில் சொல்லிவிட்டது. டிஸ்சார்ஜ் புக்கில் பெயர் இருப்பதாலேயே அந்த அம்மா ஜெயித்துவிடவும் மாட்டார். ஓய்வுக்குப் பிறகு மணந்த மனைவிக்கும் குடும்ப ஓய்வூதியம் உண்டு. அந்த மணம் சட்டப்படி செல்ல வேண்டும், அவ்வளவுதான்.

ஆக, கேள்வி ஒன்றே ஒன்று. உங்கள் கழுத்தில் தாலி ஏறிய நாளில் முதல் திருமணம் முடிந்திருந்ததா?

நீலகிரியில் தோடர், கோத்தர், இருளர், குறும்பர் போன்ற பழங்குடியினருக்கு இந்து திருமணச் சட்டம் பொருந்தாது. படுகர் பழங்குடிப் பட்டியலில் இல்லை, ஆகவே உங்களுக்குப் பொருந்தும். முதல் மணம் நிலுவையில் இருக்கும்போது நடந்த இரண்டாவது மணம் 11-ஆம் பிரிவின்படி செல்லாது. ஆனால் அதே சட்டத்தின் 29(2) பிரிவு, வழக்கப்படி நடக்கும் மணமுறிவைக் காப்பாற்றுகிறது. உங்கள் வழக்கு முழுவதும் நிற்பது இந்தப் பிரிவின் மேல்தான்.

இப்போது நீங்கள் அனுப்பிய பத்திர நகலுக்கு வருகிறேன். 20 ரூபாய் பத்திரம். பின்பக்கம் முத்திரைத்தாள் விற்பவரின் முத்திரையில் உள்ள தேதி 11.9.2006. உங்கள் கல்யாணம் மே மாதம். எதிர்த்தரப்பு வக்கீல் இந்தத் தாளைக் கையில் வாங்கியதும் முதலில் திருப்பிப் பார்ப்பது அந்த முத்திரையைத்தான். பத்திரமே மணமுறிவு என்று நீங்கள் வாதாடினால், மூன்றரை மாத வித்தியாசத்தில் வழக்கு போய்விடும். ஆனால் முன்பக்கம் மூன்றாவது வரியில், ‘சென்ற சித்திரை மாதம் ஊர்க் கூட்டத்தில் பேசி முடித்தபடி’ என்று இருக்கிறது. இந்த ஒரு வரிதான் உங்களுக்கு உயிர். மணமுறிவு சித்திரைக் கூட்டத்தில் நடந்தது. செப்டம்பர் பத்திரம் அதை எழுதி வைத்த குறிப்பு. மனுவில் முதல் பத்தியிலிருந்தே இப்படித்தான் எழுத வேண்டும். ‘2006-ல் பத்திரம் மூலம் விவாகரத்து பெற்றார்’ என்று அவசரத்தில் அடித்துவிட்டால், பிறகு திருத்த மனு போட்டாலும் சந்தேகம் ஒட்டிக்கொண்டே வரும்.

பத்திரம் மட்டும் போதவும் போதாது. வழக்கப்படி மணமுறிவு என்றால் அந்த வழக்கத்தையே தனியாக எடுத்துச் சொல்லி நிரூபிக்க வேண்டும் என்பதை, தமிழ்நாட்டிலிருந்து போன சுப்பிரமணி – சந்திரலேகா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2004-ல் கண்டிப்பாகச் சொன்னது. அந்த வழக்கில் பத்திரம் இருந்தது, வழக்கத்துக்கு நிரூபணம் இல்லை, தோற்றது. படுகர்களிடம் தீர்த்துவிடுவதும் மறுமணமும் பழைய வழக்கம் என்று ஹட்டியில் எல்லோருக்கும் தெரியும். நீதிபதிக்குத் தெரியாது, தெரிந்தாலும் சாட்சியம் இல்லாமல் எழுத முடியாது. பொறங்காடு சீமையில் (கோத்தகிரிப் பக்கத்துப் படுகர் பகுதி) உங்கள் சொந்தம் அல்லாத இரண்டு பெரியவர்கள் கூண்டேறி, கூட்டம் எப்படிக் கூடும், யார் யார் இருக்க வேண்டும், நகை எப்படித் திருப்பப்படும் என்று சொல்ல வேண்டும். அதோடு இதே முறையில் பிரிந்து இருவரும் மறுமணம் செய்த வேறு குடும்பங்களின் உதாரணமும் வேண்டும். மூன்று நான்கு கிடைத்தால் நல்லது. வழக்கம் நெடுநாளாக ஒரே சீராக இருந்தது என்று காட்டுவது இந்த உதாரணங்கள்தான். கட்சிக்காரர்கள் பெரும்பாலும் இதில்தான் தோற்கிறார்கள். பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவர்களை மட்டும் கூட்டி வந்துவிட்டு, வழக்கத்தைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்காமல் சாட்சியத்தை முடித்துவிடுகிறார்கள்.

அந்த அம்மா 2007-ல் மறுமணம் செய்ததை நீங்கள் குறையாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது உங்கள் கடிதத்திலேயே மிகப் பயனுள்ள வாக்கியம். முதல் மணம் தீர்ந்துவிட்டது என்று அவரே நம்பி நடந்ததற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். அவர் நடத்தையைப் பழித்து மனுவில் ஒரு வரிகூட வேண்டாம். ‘முறைப்படி மறுமணம் செய்தார்’ என்று மரியாதையாக எழுதி, அந்தக் கல்யாணத்துக்குப் போனவர் ஒருவரைச் சாட்சியாகப் போடுங்கள்.

சித்திரைக் கூட்டத்தை நிரூபிக்க முடியாமல், முறிவு செப்டம்பரில்தான் என்று ஆனாலும் இரண்டாவது வாதம் இருக்கிறது. முதல் மணம் முறிந்த பிறகும் நெடுங்காலம் கணவன் மனைவியாகத் தொடர்ந்து வாழ்ந்தால் சட்டப்படி மணந்ததாகவே அனுமானிக்கலாம் என்று, ஒரு படைவீரரின் இரண்டாவது மனைவி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2023-ல் பென்ஷன் வழங்கியது. அங்கே முறிவு கோர்ட் தீர்ப்பால் வந்தது. உங்களுக்கு ஊர்க் கூட்டத்தால். எனவே வழக்கத்தை நிரூபிக்கும் வேலை இதிலும் தப்பாது. இதை மாற்று வாதமாக முதலிலேயே மனுவில் சேர்க்க வேண்டும்.

எங்கே போடுவது? சென்னையிலுள்ள ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்கு இப்போதே ஓடாதீர்கள். யார் மனைவி என்பதே தகராறாக இருக்கும்போது, சிவில் கோர்ட்டில் தீர்த்துக்கொண்டு வா என்றுதான் அனுப்புவார்கள். குடும்ப நல வழக்குகளை விசாரிக்கும் நீதிமன்றத்தில் மணநிலையை விளம்பும் மனு (நீங்கள்தான் சட்டப்படி மனைவி என்று அறிவிக்கக் கேட்கும் மனு) போடுங்கள். அந்த அம்மா, அவர் மகள், இந்திய ஒன்றியம், ரெக்கார்ட்ஸ் ஆபீஸ் நால்வரும் எதிர்மனுதாரர்கள். அரசைச் சேர்ப்பதால் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 80-ஆம் பிரிவு அறிவிப்பு கொடுத்து இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும். அந்த இரண்டு மாதத்துக்குப் பயந்து அரசை விட்டுவிட்டு, எக்ஸ்பார்ட்டி தீர்ப்பை (எதிர்த்தரப்பு வராமலே கிடைப்பது) வாங்கிக்கொண்டு, ரெக்கார்ட்ஸ் ஆபீஸ் இருக்கும் வெலிங்டனுக்குப் போகிறவர்கள் நிறைய. தன்னைச் சேர்க்காத தீர்ப்பு தன்னைக் கட்டாது என்று ஒரே வரியில் திருப்பி அனுப்புவார்கள். தாசில்தாரிடம் உங்கள் பெயரை மட்டும் போட்டு வாரிசுச் சான்று வாங்கும் யோசனையை யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சான்று ரத்தாகும், பொய்த் தகவல் என்று கிரிமினல் வழக்கும் வரும்.

உதகையிலுள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகம் உங்கள் மனுவை ரெக்கார்ட்ஸுக்கு அனுப்பும், பதிவில் என்ன இருக்கிறது என்று கேட்டு வாங்கித் தரும். இரண்டு பெண்களில் யார் மனைவி என்று தீர்மானிக்கும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை, வீணாக நடக்காதீர்கள். ஆனால் பிள்ளைகளின் மனுவை இன்றே அவர்கள் வழியாக அனுப்புங்கள். உங்கள் மணம் செல்லாமல் போனாலும் பிள்ளைகளின் பங்கு போகாது. 2000-ல் ராமேஸ்வரி தேவி வழக்கிலேயே முடிவான விஷயம். 25 வயது, கல்யாணம், சம்பாத்தியம் இவற்றில் எது முதலில் வருகிறதோ அதுவரை உண்டு. எடுத்த இரண்டு மாதப் பணத்தை வங்கிக்கு எழுதித் தெரிவித்துத் திருப்பிக் கட்டுங்கள். இறந்த நாள் வரைதான் அவருடைய பென்ஷன். மறைத்தது பதிவில் ஏறினால், உங்கள் மற்ற சாட்சியத்தையும் அது கெடுக்கும்.

சமரசம் பற்றி வெளிப்படையாகச் சொல்கிறேன்: முதல் மனைவியின் மகளோடு சமரசம் செய்துகொள்ளுங்கள். அவள் சட்டப்படி வாரிசு. சுயசம்பாத்தியச் சொத்துக்கு உயில் செல்லும்தான், ஆனால் அதை நிரூபிக்க இன்னொரு வழக்கு நடத்த வேண்டும். 60 சென்டில் ஒரு பகுதியைக் கொடுத்து, குடும்ப ஏற்பாட்டுப் பத்திரமாகப் பதிவு செய்து முடியுங்கள். மகளின் மனம் ஆறினால் தாயும் எதிர்க்காமல் உண்மையைச் சொல்ல வாய்ப்பு அதிகம். ஆனால் அந்தப் பத்திரத்தில் தாயின் சாட்சியத்தைப் பற்றி ஒரு சொல்லும் வரக்கூடாது; சாட்சிக்கு நிலம் கொடுத்ததாக ஆகிவிடும். ‘பென்ஷனை நீ வாங்கு, மாதம் பாதி எனக்குக் கொடு’ என்ற ஒப்பந்தமும் வேண்டாம். 1871-ஆம் ஆண்டு ஓய்வூதியச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு அதைச் செல்லாததாக்குகிறது. நாலு மாதம் கொடுத்துவிட்டு நிறுத்தினால் நீங்கள் எங்கும் போய்க் கேட்க முடியாது.

தள்ளிப் போடாதீர்கள். தாமதமாக வரும் பென்ஷன் வழக்குகளில் நிலுவையை மனு போட்ட தேதிக்கு முந்தைய மூன்று வருடத்துக்கு மட்டுமே தருவது வழக்கம். வக்கீல் கட்டணம் தடையாக இருந்தால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள்; பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. பத்திரத்தின் அசலை யாரிடமும் கொடுக்காதீர்கள், லேமினேட் செய்யாதீர்கள். பின்பக்க முத்திரை தெளிவாகத் தெரிய வேண்டும். கையெழுத்துப் போட்ட நால்வரில் உயிரோடு இருப்பவர்களின் வயதை இன்றே விசாரியுங்கள். மலை இறங்கி ஏற முடியாதவர்கள் இருந்தால், மனுவுக்கு வழக்கு எண் விழுந்த உடனே, நீதிமன்றத்தின் சார்பில் சாட்சியம் பதியும் கமிஷனரை நியமிக்கக் கேளுங்கள். ஹட்டிக்கே வந்து அவர்கள் வாக்குமூலத்தைப் பதிவு செய்வார்.