கோவா போய் போக்கர் ஆடலாமா? டிக்கெட் போடும் முன் ஒரு கணக்கு

கேள்வி: நான்கு வருடமாக ஆன்லைனில் காசு வைத்துப் போக்கர் என்ற சீட்டாட்டம் ஆடினேன். தடை வந்ததும் ஆப் நின்றுவிட்டது. கோவையில் நண்பர் ஒருவரின் கெஸ்ட் ஹவுஸில் சனிக்கிழமைதோறும் ஆட்டம் நடக்கிறது. ஒவ்வொரு கையிலும் (சீட்டுப் போட்டு ஆடி முடிக்கும் ஒரு சுற்று) அவர் கொஞ்சம் கமிஷன் எடுப்பார். அங்கே ஆடுவது சட்டப்படி சரியா? இல்லை, கோவாவுக்கே போய்விடலாமா? கையில் ஒரு லட்சம் இருக்கிறது. ஆன்லைனில் விட்டதையும் பிடிக்க வேண்டும்.

பதில்: கெஸ்ட் ஹவுஸ் பக்கம் போகாதீர்கள். இடம் கொடுப்பவர் கமிஷன் எடுக்கிறார் என்றால், 1930-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சூதாட்டத் தடைச் சட்டத்தின்படி அது சூதாட்ட விடுதி என்று போலீஸ் வழக்குப் போட வழி இருக்கிறது. 'திறமை ஆட்டத்துக்கு விலக்கு உண்டே' என்று நண்பர் சொல்வார். உண்டுதான். ஆனால் போக்கர் திறமை ஆட்டமா என்பதற்கு நாட்டில் ஒரே பதில் இல்லை. மேற்கு வங்கத்தின் 1957 சட்டம் போக்கரைச் சூதாட்டத்தில் சேர்க்கவில்லை. குஜராத் உயர் நீதிமன்றம் 2017-இல் அதை அதிர்ஷ்ட ஆட்டம் என்றது. சென்னை உயர் நீதிமன்றம் 2023-இல் திறமை ஆட்டம் என்று ஏற்றது, ஆனால் அது ஆன்லைன் ஆட்டம் பற்றிய வழக்கு. மனமகிழ் மன்றங்களில் காசு வைத்துச் சீட்டாடியவர்கள் கைது என்று பேப்பரில் படிக்கிறோம் அல்லவா? கடைசியில் விடுதலை ஆனாலும், அதுவரை கோர்ட்டுக்கு அலைவது நீங்கள்தான்.

கோவாவில் இந்தப் பயம் இல்லை. அங்கே மாநிலச் சட்டமே கேசினோவுக்கு லைசென்ஸ் தருகிறது. பணஜியில் படித்துறையிலிருந்து சின்னப் படகில் ஏற்றி, மாண்டோவி ஆற்றில் நிற்கும் கப்பலுக்குக் கூட்டிப்போவார்கள். 21 வயது நிறைந்திருக்க வேண்டும், போட்டோ அடையாள அட்டை வேண்டும். உங்கள் ஆப்பை நிறுத்திய, 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம் ஆன்லைன் பண ஆட்டத்துக்குத்தான். நேரில் ஆடும் மேசையை அது தொடவில்லை. சிக்கிமில் காங்டாக்கிலும் கேசினோ உண்டு, கோவையிலிருந்து அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை.

சரி, இப்போது உங்கள் ஒரு லட்சத்துக்கு வருவோம். நூறு–இருநூறு பிளைண்ட் (சீட்டுப் போடும் முன்பே இரண்டு பேர் கட்டாயம் வைக்க வேண்டிய பந்தயம்) மேசையில் ஒழுங்காக உட்கார 20,000 ரூபாய் வேண்டும். அப்படியென்றால் உங்களிடம் இருப்பது ஐந்தே தடவைக்கான பணம். நன்றாக ஆடுகிறவர்களே இருபது, முப்பது தடவைக்கான பணம் இல்லாமல் ஒரு மேசையைத் தொடர்ந்து ஆட மாட்டார்கள். ஆன்லைனில் நாலு மேசையைத் திறந்து மணிக்கு இருநூறு கைக்கு மேல் பார்த்திருப்பீர்கள். நேரில் டீலர் கலைத்து, பிரித்து, சிப்ஸ் (பணத்துக்குப் பதில் வைக்கும் வில்லைகள்) எண்ணி முடிப்பதற்குள் மணிக்கு முப்பது கை வந்தால் பெரிது. மேசை நடுவில் பந்தயப் பணம் 8,000 சேர்ந்து, ஐந்து சதவீத ரேக் (கேசினோ எடுக்கும் கமிஷன்) என்றால், டீலர் 400 ரூபாய் சிப்ஸை எடுத்து மேசையில் இருக்கும் துளைக்குள் போட்டுவிடுவார். ஜெயித்தவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது போய்விடும்.

அடுத்தது வரி. பலரும் இங்கேதான் ஏமாறுகிறார்கள். உதாரணத்துக்கு மூன்று டோர்னமென்ட், ஒவ்வொன்றுக்கும் கட்டணம் 25,000. இரண்டில் தோற்று வெளியே வந்துவிட்டு, மூன்றாவதில் 90,000 பரிசு வாங்குகிறீர்கள். மொத்தத்தில் 15,000 லாபம் என்று நினைப்பீர்கள். பரிசு 10,000-ஐத் தாண்டினால் 30 சதவீதம் அங்கேயே பிடித்துவிடுவார்கள், அதாவது 27,000. மூன்றாவதற்குக் கட்டிய 25,000-ஐக் கழித்துவிட்டுப் பிடித்தால்கூட 19,500 போகும். எப்படிப் பார்த்தாலும் நஷ்டம்தான். முதல் இரண்டில் விட்ட 50,000-ஐ இதில் ஈடுகட்ட வருமான வரிச் சட்டம் விடாது. செஸ் என்ற கூடுதல் வரியைச் சேர்த்தால் வரி 31.2 சதவீதம். அப்புறம் ஜிஎஸ்டி. கேசினோவுக்கு 28 சதவீதமாக இருந்தது, 2025 செப்டம்பர் 22 முதல் 40 ஆகிவிட்டது. அதை நுழைவுக் கட்டணத்தில் சேர்க்கிறார்களா, சிப்ஸ் வாங்கும்போது கழிக்கிறார்களா என்று முன்கூட்டியே போனில் கேளுங்கள்.

விட்டதைப் பிடிக்கத்தான் போகிறீர்கள் என்றால், தயவுசெய்து டிக்கெட் போடாதீர்கள். அந்த எண்ணத்தோடு உட்காருகிறவர் மடக்கிவிட்டு விலக வேண்டிய சீட்டை மடக்க மாட்டார், எதிரே இருப்பவருக்கு அது பத்தே நிமிடத்தில் தெரிந்துவிடும். ஆட்டம் பிடித்துப் போகிறீர்கள் என்றால் 20,000 மட்டும் எடுத்துப் போங்கள், ஏடிஎம் கார்டை ஹோட்டல் அறையிலேயே வைத்துவிடுங்கள். ஜெயித்தால் டிடிஎஸ் (அங்கேயே பிடித்த வரி) சான்றிதழ் வாங்காமல் திரும்பாதீர்கள், கணக்குத் தாக்கல் செய்யும்போது ஆடிட்டர் முதலில் அதைத்தான் கேட்பார்.