பட்டாளக்காரர் வீட்டுக்கு ஃபுட் ஸ்டாம்ப் எதற்கு? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

அமெரிக்க ராணுவத்தில் சப்ளை சார்ஜெண்டாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது ஒரு பேஸ், அதாவது ராணுவத் தளம், அருகில் உள்ள உணவு வங்கியில், இளம் குடும்பங்களுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கிறேன். 2009-இல் வந்த மாவ்னி திட்டம் தமிழ் தெரிந்தவர்களையும் விசாவில் இருக்கும்போதே படையில் சேர்த்துக்கொண்டது. அப்படி வந்த நம் பிள்ளைகளின் வீடுகளிலிருந்தும் இந்தக் கேள்விகள் வருகின்றன. வருமானம் குறைந்த வீடுகளுக்கு உணவுப்பொருள் வாங்க அரசு தரும் உதவிதான் ஃபுட் ஸ்டாம்ப். எல்லாரும் அப்படிச் சொன்னாலும் 2008 முதல் அதன் பெயர் ஸ்நாப். பணம் ஈபிடி என்ற அட்டையில் ஏறும். கீழே நான் சொல்லும் தொகை எல்லாம் டாலர்.

கேள்வி (நியூ ஜெர்சி, ஐடி ஊழியர்): சம்பளம் உண்டு, வீட்டுப்படி உண்டு, மருத்துவம் இலவசம். இதற்கு மேலும் அரசு உதவி கேட்பது பொறுப்பின்மை இல்லையா?

பாதி சரி சார். பாரக்ஸில், அதாவது படைவீரர் விடுதியில், தனியாக இருக்கும் 19 வயதுப் பையன் கையில் காசு நிற்கவில்லை என்றால் நானும் அவனைத்தான் திட்டுவேன். ஆனால் கல்யாணமாகி இரண்டு குழந்தைகள் உள்ள சிப்பாயின் கணக்கு வேறு. அடிமட்டப் பதவிக்கு 2024-இல் மாத அடிப்படைச் சம்பளம் 2,017. அதற்கு மேல் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஊர் மாற்றல். மனைவி ஒரு வேலையில் காலூன்றுவதற்குள் பெட்டி கட்ட வேண்டும். ராணுவத் துறை எடுத்த ஆய்வுகளிலேயே படைவீரர்களின் துணைவர்களிடையே வேலையின்மை பல ஆண்டுகளாக 20 சதவீதத்தை ஒட்டியே இருக்கிறது.

அதே துறையின் 2020 கணக்கெடுப்பில், பணியில் இருப்போரில் 24 சதவீதம் பேருக்கு உணவுப் பாதுகாப்பு இல்லை, அதாவது போதிய சாப்பாடு நிச்சயமில்லை, என்று தெரிந்தது. நான்கில் ஒருவர் ஊதாரி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அமெரிக்க நாடாளுமன்றத்துக்கும் வரவில்லை போலும். 2025-இல் கீழ்ப் பதவிகளுக்கு மட்டும் மொத்தம் 14.5 சதவீதம் உயர்த்தினார்கள், அந்த 2,017 ஏப்ரலில் 2,319 ஆனது. சிப்பாய்க்குப் பொறுப்பு வேண்டும், சரி. இங்கே முதலாளியே அரசாங்கம் என்பதால், அந்த முதலாளியின் பொறுப்பையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

கேள்வி (ஃபோர்ட் ரைலி, கான்சஸ், சிப்பாயின் மனைவி): அண்ணா, நாங்கள் நான்கு பேர். சம்பளத்தைப் பார்த்தால் தகுதி வரும் போலிருக்கிறது, ஆனால் விண்ணப்பம் தள்ளுபடி ஆகிவிட்டது. ஏன்?

வீட்டுப்படிதான் காரணம்மா. பிஏஎச் என்று சம்பளச் சீட்டில் வருகிறதே, அது. வருமான வரிக்கு அது வருமானம் இல்லை. ஆனால் ஸ்நாப்புக்கு அது வருமானம்.

2025 கடைசி நிலவரப்படி ஒரு கணக்கு போடுவோம். அடிப்படைச் சம்பளம் 2,900, உணவுப்படி 465, ஆக 3,365. நான்கு பேர் குடும்பத்துக்கு, மத்திய அரசு வகுத்த வறுமைக்கோட்டில் 130 சதவீதம் என்பது மாதம் 3,483. தகுதி உண்டு. இதோடு வீட்டுப்படி 1,400 சேர்த்தால் 4,765. கதை முடிந்தது. அந்த 1,400 உங்கள் கையில் ஒரு நாள்கூடத் தங்குவதில்லை, வீட்டுச் சொந்தக்காரருக்குப் போய்விடுகிறது. அரசே நேரடியாக வைத்திருக்கும் குடியிருப்பில் இருந்தால் இந்தப் படி ரொக்கமாக வராது, கணக்கிலும் சேராது. ஆனால் இன்று பேஸுக்குள் இருக்கும் வீடுகளிலும் பெரும்பாலானவை தனியார் நிறுவனங்களின் கையில். அங்கேயும் படி சம்பளச் சீட்டில் ஏறி இறங்குவதால் அதுவும் வருமானமாகிவிடுகிறது.

இன்னொரு கூத்தும் உண்டு. வருமான வரம்பை மாநிலங்கள் உயர்த்திக்கொள்ளலாம். கான்சஸ் 130-இலேயே நிற்கிறது, டெக்சஸ் 165, வட கரோலைனா 200. அதே குடும்பம் அதே சம்பளத்தோடு வட கரோலைனாவில் உள்ள ஃபோர்ட் பிராக்குக்கு மாற்றலாகிப் போனால் முதல் வாசலைத் தாண்டிவிடலாம். பிறகு வாடகை, குழந்தைக் காப்பகச் செலவு எல்லாம் கழித்துத்தான் எவ்வளவு என்று முடிவாகும். சில வீடுகளுக்குச் சொற்பமே கிடைக்கும். வீட்டுப்படியைக் கணக்கிலிருந்து விலக்கச் சொல்லி மசோதாக்கள் வந்து வந்து போகின்றன.

உங்கள் சின்னப் பிள்ளைக்கு ஐந்து வயது ஆகவில்லை என்றால் விக் திட்டத்துக்கு உடனே எழுதிப் போடுங்கள். கர்ப்பிணிகள், பிரசவமான தாய்மார்கள், ஐந்து வயது வரையான குழந்தைகளுக்கானது. அங்கே வரம்பு 185 சதவீதம், வீட்டுப்படியை விட்டுவிட மாநிலத்துக்கு அனுமதியும் உண்டு. ஸ்நாப் மறுக்கப்பட்டதும் விக்கும் கிடைக்காது என்று நினைத்துப் பலர் கேட்பதே இல்லை.

கேள்வி (வாஷிங்டன் மாநிலம்): வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு ராணுவமே ஒரு படி தருகிறதாமே?

ஆமாம், அடிப்படைத் தேவைப்படி. 2023 ஜனவரியில் தொடங்கியது. குடும்ப வருமானம் வரம்புக்கு எவ்வளவு கீழே இருக்கிறதோ அந்த வித்தியாசத்தை மாதாமாதம் தருவார்கள். வரம்பு முதலில் 130 சதவீதம், பிறகு 150, அப்புறம் 2024 டிசம்பர் சட்டத்தில் 200. ஆரம்பப் பயிற்சி முடித்திருக்க வேண்டும், உங்களை நம்பி ஒருவராவது இருக்க வேண்டும். வீட்டுப்படி இங்கேயும் பொதுவாகக் கணக்கில் சேரும் என்பதால் ஆரம்பத்தில் கிடைத்தவர்கள் மிகக் குறைவு. வாடகை அதிகமான ஊர்களில் அதை விலக்க இடம் உண்டு, கேட்டுப் பாருங்கள்.

கேள்வி (பெயர் வேண்டாம் என்றவர்): ஸ்நாப் வாங்கினால் கமாண்டருக்குத் தெரியுமா? ரகசியப் பணிகளுக்கான பாதுகாப்பு அனுமதி போய்விடுமா?

ஸ்நாப் மாநில அலுவலகத்தின் வேலை. உங்கள் யூனிட்டுக்குத் தகவல் போகாது. பாதுகாப்பு அனுமதிக்கு ஆபத்து கட்டாத கடனால் வரும், ஸ்நாப்பால் அல்ல. கூச்சப்பட்டு விண்ணப்பிக்காமல் கிரெடிட் கார்டில் அரிசி பருப்பு வாங்கி, அது வசூல்காரர் கைக்குப் போன பிறகு அழுதுகொண்டு வருபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி (கோயம்புத்தூர், ஒரு தந்தை): என் மகன் அங்கே படையில் இருக்கிறான். 1ஆம் தேதியும் 15ஆம் தேதியும் சம்பளம் வருகிறது என்கிறான், ஆனால் 10ஆம் தேதியே காசு இல்லை என்கிறான். அவனுக்கு என்ன சொல்வது?

ஐயா, முதலில் கார் கடன் எவ்வளவு வட்டி என்று கேளுங்கள். ஒவ்வொரு பேஸ் வாசலிலும் கார் வியாபாரிகள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். நிச்சயச் சம்பளம் உள்ள 20 வயதுப் பையன் அவர்களுக்கு லட்டு. ராணுவத்தினருக்கான கடன்களுக்கு 36 சதவீத வட்டிக்கு மேல் போகக்கூடாது என்று 2006-இல் ஒரு சட்டம் வந்தது. ஆனால் காரையே ஈடாக வைத்து அந்தக் காரை வாங்கும் கடனுக்கு அந்தப் பாதுகாப்பு பொருந்தாது. இதைப் பையன்களுக்கு யாரும் சொல்வதில்லை. பேஸில் இலவச நிதி ஆலோசகர் இருக்கிறார், போய் உட்காரச் சொல்லுங்கள். உடனடி நெருக்கடி என்றால் ஆர்மி எமர்ஜென்சி ரிலீஃப் என்ற உதவி அமைப்பு வட்டியில்லாக் கடன் தரும்.

இங்கே தனிப் பொறுப்பு என்ற பேச்சு நூற்றுக்கு நூறு பொருந்தும். உங்கள் மகனிடம் கொஞ்சம் கண்டிப்பாகவே பேசலாம்.

கேள்வி (மதுரை, முன்னாள் ராணுவத்தினர்): நம்ம ஊர் மிலிட்டரி கேண்டீன் மாதிரி அங்கே எதுவும் இல்லையா?

உண்டு சார், கமிசரி என்று பெயர். கொள்முதல் விலையோடு 5 சதவீதம் மட்டும் சேர்த்து விற்பதுதான் பல காலம் அதன் அடிப்படையாக இருந்தது. காய்கறி, இறைச்சி, பால் எல்லாம் கிடைக்கும், ஈபிடி அட்டையும் விக்கும் செல்லும். ஆனால் நம் ஜவான்களுக்கு ரேஷன் வருவது போல வீட்டுக்கு எதுவும் வராது. நான் சொன்ன 465 உணவுப்படி, சிப்பாய் ஒருவரின் சாப்பாட்டுக்கு என்று கணக்கிட்டது, குடும்பத்துக்கு இல்லை.

கேள்வி (டெக்சஸ்): எனக்குக் கிரீன் கார்டு கிடைத்து ஒரு வருடம்தான் ஆகிறது. கணவர் படையில். ஸ்நாப் வாங்க ஐந்து வருடம் காத்திருக்க வேண்டுமா?

வேண்டாம்மா. பணியில் இருப்பவரின் மனைவி, குழந்தைகளுக்கு அந்தக் காத்திருப்பு இல்லை. கவுண்ட்டரில் இருப்பவருக்கே சில நேரம் இது தெரியாது, அழுத்திச் சொல்லுங்கள். குடியுரிமை விஷயத்தில் பயம் இருந்தால் பேஸில் உள்ள சட்ட உதவி அலுவலகத்தில் இலவசமாகக் கேட்கலாம். வாட்ஸ்அப்பில் வருவதை நம்பாதீர்கள்.

கேள்வி (கலிஃபோர்னியா): கணவர் போர்ப் பகுதிக்குப் போகிறார், கூடுதல் சம்பளம் வரும். எங்கள் ஸ்நாப் நின்றுவிடுமா?

அங்கே போனதால் மட்டும் வரும் கூடுதல் தொகையைச் சேர்க்க மாட்டார்கள். 2008 முதல் நிரந்தரச் சட்டம்.

கேள்வி (ஓய்வு பெற்ற வீரர், ஜார்ஜியா): வேலை இல்லை என்றால் எனக்கும் ஸ்நாப்பை நிறுத்துவார்களா?

நிறுத்தலாம். வீட்டில் 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் இல்லாத, உடல்நலம் உள்ளவர்கள் மாதம் 80 மணி நேரம் வேலை அல்லது பயிற்சியில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மூன்று வருடத்தில் மூன்று மாதம்தான். இந்த விதி 1996 சட்டத்தில் வந்தது, அந்தச் சட்டத்தின் பெயரிலேயே தனிப் பொறுப்பு என்று இருக்கிறது. 2023-இல் முன்னாள் வீரர்களுக்கு விலக்கு கொடுத்தார்கள், 2025 ஜூலையில் எடுத்துவிட்டார்கள். வயது வரம்பும் 64 வரை போயிருக்கிறது. என் கருத்தைக் கேட்டால், அந்த விலக்கை எடுத்தது சரியில்லை. உடல் குறைபாட்டுக்கான மருத்துவச் சான்று இருந்தால் முதல் நாளே கொடுத்துவிடுங்கள்.

கேள்வி (வட கரோலைனா): என்னென்ன காகிதம் கொண்டுபோக வேண்டும்?

கடைசி மாதச் சம்பளச் சீட்டு, வாடகை ஒப்பந்தம், மின்சார ரசீது, குழந்தைக் காப்பக ரசீது, எல்லாருடைய அடையாள ஆவணங்கள். நேர்காணல் பெரும்பாலும் போனில்தான், தெரியாத நம்பர் என்று எடுக்காமல் விட்டுவிடாதீர்கள். 30 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். கையில் காசே இல்லாத நிலை என்றால் 7 நாளுக்குள் தரும் அவசர வழியும் உண்டு, அதை விண்ணப்பத்திலேயே கேளுங்கள்.