சங்கம் செய்ய வேண்டியதும் செய்யக் கூடாததும்: வீட்டு வன்முறை பற்றித் திருகோணமலைக் கேள்விகள்

திருகோணமலை மாவட்டத்து மாதர் சங்கங்களுக்குப் பெண்களுக்கெதிரான வன்முறை பற்றிப் பயிற்சி கொடுப்பது என் வேலை. பயிற்சி முடிந்து ஆட்கள் வாசலில் செருப்பைத் தேடும் நேரத்தில்தான் உண்மையான கேள்விகள் வரும். அதனால் இந்த முறை எழுதி அனுப்பச் சொன்னேன். பெயர்களை எடுத்துவிட்டேன், ஊர் மட்டும் இருக்கிறது. சிலருக்கு ஊரையும் மாற்றியிருக்கிறேன். இன்னொருவர் வீட்டுக் கதையை முழுதாக எழுதி அனுப்பியவர்களுக்கு இங்கே பதில் இல்லை, தனியாகக் கதைப்போம்.

சாம்பல்தீவு: மிஸ், எங்கள் சங்கத்தில் 25 பேர். இரண்டு நாள் பயிற்சிக்குப் பணம் கிடைத்திருக்கிறது. என்னென்ன வைக்க வேண்டும்?

முதலில் எதை வைக்கக் கூடாது என்று சொல்கிறேன். காலை முழுவதும் வரைவிலக்கணம் வேண்டாம். வன்முறை எத்தனை வகை என்று திரையில் காட்டி எழுதச் சொன்னால் எழுதுவார்கள், அடுத்த வாரம் பக்கத்து வீட்டுப் பிள்ளை அழுதுகொண்டு வரும்போது அந்தக் கொப்பி உதவாது.

முதல் நாள் பாதியைக் கேட்கும் பயிற்சிக்குக் கொடுங்கள். இரண்டு இரண்டு பேராக உட்காரட்டும். ஒருத்தி சொல்ல வேண்டும், மற்றவள் கேட்க வேண்டும். "நீ என்ன செய்தாய்?", "ஏன் இவ்வளவு நாள் பொறுத்தாய்?", "பிள்ளைகளை யோசி" என்ற மூன்றும் தடை. இவை இல்லாமல் ஐந்து நிமிடம் கதைக்க முடியாமல் எல்லோரும் திணறுவார்கள். மூன்றாவது முறை ஓரளவு வரும். சட்டத்தைப் பின்னேரம் சொல்லிக் கொடுக்கலாம்.

இரண்டாம் நாள் முழுவதும் உங்கள் பிரதேசத்தின் பட்டியல். பிரதேச செயலகத்தில் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர் யார், உளவளத்துணை உத்தியோகத்தர் எந்த நாளில் இருப்பார், பொலிஸ் நிலையத்தின் சிறுவர் மகளிர் பிரிவில் தமிழ் கதைப்பவர் உண்டா, கிராமத்துக் குடும்பநல மாது யார், வைத்தியசாலையில் நட்பு நிலையம் இருக்கிறதா (வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு உதவும் இடம், சிங்களத்தில் மிதுரு பியச என்பார்கள், கேட்டால் காட்டுவார்கள்). நீங்கள் எழுதிக் கொடுக்காதீர்கள், உறுப்பினர்களே தேடி எழுதட்டும். எழுதிய ஒவ்வொரு இலக்கத்துக்கும் அங்கேயே போன் போட்டுப் பாருங்கள். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938க்கும் எடுத்துப் பாருங்கள். எத்தனை தரம் மணி அடித்தது, எந்த மொழியில் கதைத்தார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பிறகு பயணம். நீங்கள் பட்டினத்துக்குக் கிட்ட இருக்கிறீர்கள், சமாளிக்கலாம். வெருகலிலோ புல்மோட்டையிலோ ஒரு பெண் இரவு பத்து மணிக்கு வீட்டை விட்டு வெளியேறினால் என்ன செய்வாள்? கிண்ணியாப் பாலம் 2009இல் திறந்த பிறகு அந்தப் பக்கத்தாருக்குப் பாதை சுலபம்தான், ஆனால் அந்த நேரத்தில் பஸ் ஏது? நம்பிக்கையான ஆட்டோக்காரர் யார், கூலி எங்கிருந்து வரும் என்பதைப் பேசி முடிக்காமல் பயிற்சியை முடிக்காதீர்கள்.

இன்னொன்று, எல்லாக் கூட்டத்திலும் சொல்வதுதான்: படம் எடுக்காதீர்கள்.

நிலாவெளி: பாதுகாப்புக் கட்டளை எடுக்க பொலிஸ் முறைப்பாடு கட்டாயமா? சட்டத்தரணி வேண்டுமா? விவாகரத்துக் கேட்க வேண்டி வருமா?

விவாகரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி, பாதிக்கப்பட்டவர் நேரடியாக நீதவான் நீதிமன்றத்துக்குப் போகலாம். அவருக்காகப் பொலிஸ் உத்தியோகத்தரும் விண்ணப்பிக்கலாம். எந்த நீதிமன்றம் என்றால், அவர் இருக்கும் இடம், எதிராளி இருக்கும் இடம், சம்பவம் நடந்த இடம், இந்த மூன்றில் ஒன்று. தற்காலிகமாகத் தங்கியிருக்கும் இடமும் கணக்கில் வரும். ஆகவே மூதூரிலிருந்து தாய் வீட்டுக்கு நிலாவெளிக்கு வந்துவிட்ட பெண் திரும்ப மூதூருக்குப் போய் வழக்குப் போடத் தேவையில்லை.

முதலில் இடைக்காலக் கட்டளை, கூடியது 14 நாள். விசாரணைக்குப் பிறகு பாதுகாப்புக் கட்டளை, கூடியது 12 மாதம். வீட்டுக்குள் வராதே, வேலைத்தலத்துக்குப் போகாதே, போன் எடுக்காதே என்றெல்லாம் நீதவான் உத்தரவிடலாம். அவசரப் பண உதவி, தங்குமிடம், உளவளத்துணை பற்றியும் உத்தரவிட முடியும். மீறினால் 10,000 ரூபா வரை தண்டம் அல்லது ஒரு வருடம் வரை சிறை அல்லது இரண்டும்.

அடி மட்டும் அல்ல, கடுமையாகத் தொடரும் அவமதிப்பும் மனக்கொடுமையும் இந்தச் சட்டத்துக்குள் வரும். புருஷன் மட்டும் அல்ல, முன்னாள் புருஷன், தகப்பன், சகோதரன், மாமியார் மாமனாரும் வருவார்கள். ஆனால் இது பாதுகாப்புக்கான வழி. அடித்ததற்குத் தண்டனை வேண்டுமென்றால் தண்டனைச் சட்டக்கோவையின் கீழ் பொலிஸ் முறைப்பாடு தனியாகப் போகும். சட்டத்தரணி இருந்தால் நல்லது. பணமில்லாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழு.

கிண்ணியா: அந்தச் சட்டம் முஸ்லிம் பெண்களுக்கும் உண்டா? காதி நீதிமன்றத்துக்குப் போனால் போதாதா?

உண்டு. குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் நாட்டில் எல்லோருக்கும் பொதுவானது. காதி நீதிமன்றம் 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டத்தின்படி விவாகரத்து, பிள்ளைச் செலவு போன்றவற்றைப் பார்க்கும். பாதுகாப்புக் கட்டளை நீதவானிடம். காதியில் வழக்கு நடக்கும்போதே நீதவானிடமும் போகலாம், ஒன்று மற்றதைத் தடுக்காது. இந்தக் கேள்வி கிண்ணியா, தோப்பூர், புல்மோட்டை மூன்றிலிருந்தும் வந்தது. எல்லோருக்கும் இதுதான் பதில்.

உவர்மலை: உதவி இலக்கங்கள்?

பெண்களுக்கு 1938. சிறுவர்களுக்கு 1929. உடனடி ஆபத்தென்றால் 119.

மூதூர், சங்கத் தலைவி: நாங்கள் பல வருடமாகப் புருஷன் பெண்சாதி இருவரையும் கூப்பிட்டு, பெரியவர்களை வைத்துச் சமாதானம் செய்து, இனி கை நீட்ட மாட்டேன் என்று அவனிடம் கையெழுத்து வாங்கி அனுப்புகிறோம். எத்தனையோ குடும்பம் பிழைத்திருக்கிறது. நீங்கள் போன பயிற்சியில் இதைப் பிழை என்றீர்கள். என் உறுப்பினர்களுக்கு மனவருத்தம்.

அம்மா, உங்கள் நல்ல மனதை நான் சந்தேகப்படவில்லை. ஆனால் அந்தக் கூட்டத்தில் அவள் எங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்று யோசியுங்கள். எதிரில் அவன். கூட்டம் முடிந்தால் அவனோடுதான் வீட்டுக்குப் போக வேண்டும். நடந்ததில் பாதியைத்தான் சொல்வாள். மீதியைச் சொன்னால் இரவு அதற்கும் சேர்த்து வாங்குவாள். அந்தக் கையெழுத்துக் கடிதம் பாதுகாப்புக் கட்டளை போல வேலை செய்யாது. அவன் மீறினால் உங்களால் என்ன செய்ய முடியும்? இன்னொரு கடிதம் வாங்குவீர்கள்.

மூதூர், சங்கத் தலைவி (மறுபடி): அவனைப் பிடித்து உள்ளே போட்டால் யார் கடலுக்குப் போவது? பிள்ளைகளுக்கு யார் சோறு போடுவது? பட்டினத்திலிருந்து வந்து சொல்வது சுலபம்.

பாதுகாப்புக் கட்டளை எடுத்தால் அவன் உள்ளே போவதில்லை. கட்டளையை மீறினால்தான் அந்தப் பேச்சு. அவன் கடலுக்குப் போகலாம், உழைக்கலாம். பிள்ளைச் செலவு தராவிட்டால் 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கப் பராமரிப்புச் சட்டப்படி நீதவானிடமே கேட்கலாம். சோறு பற்றிய பயம் நியாயமானது, அதைச் சின்னதாக நினைக்கவில்லை. ஆனால் அந்தப் பயத்தை வைத்துத்தான் அவளை ஒவ்வொரு முறையும் திருப்பி அனுப்புகிறோம்.

தம்பலகாமம், ஓய்வுபெற்ற அதிபர்: மகள், அரசாங்கமே மத்தியஸ்த சபை வைத்திருக்கிறது. அவர்கள் செய்தால் சரி, சங்கம் செய்தால் பிழையா?

ஐயா, மத்தியஸ்த சபை 1988ஆம் ஆண்டின் சட்டத்தால் வந்தது, உறுப்பினர்கள் பயிற்சி பெற்றவர்கள். எல்லைத் தகராறு, கடன் தகராறுக்கு மிகவும் நல்லது. இரண்டு பக்கமும் ஏறத்தாழச் சம பலமாக இருந்தால்தான் பேசித் தீர்க்கலாம். அடிப்பவனும் அடி வாங்குபவளும் அப்படி இல்லை. அங்கேயும் இந்த வழக்குகள் போகக் கூடாது என்பது என் எண்ணம், பலர் ஒத்துக்கொள்ளமாட்டார்கள்.

பாலையூற்று: தலைவி அம்மா கோபிக்க வேண்டாம். என் தங்கச்சிக்கு உங்களைப் போன்ற ஒரு சங்கம்தான் சமாதானம் செய்தது. அதன்பிறகு அவள் யாரிடமும் சொல்வதை நிறுத்திவிட்டாள்.

இதற்கு நான் எதுவும் சேர்க்கவில்லை.

மூதூர், சங்கத் தலைவி: சரி. அவளே வந்து "எனக்கு அவரோடு வாழத்தான் வேண்டும், அடி மட்டும் நின்றால் போதும்" என்றால்? கையை விரிப்பதா?

இந்தக் கேள்விக்காகவே இந்த வாக்குவாதம் நடந்தது நல்லது. அவள் இருப்பதா போவதா என்பது அவள் முடிவு. "நீ விட்டுவிட்டு வா" என்று அவளைத் தள்ளுவதும் தவறு. பிரிந்து போகும் காலத்தில்தான் ஆபத்துக் கூடுகிறது. இருக்கிறேன் என்றால் இருக்கிற காலத்துக்குப் பாதுகாப்புத் திட்டம் போடுங்கள். அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தகம், மருந்து, கொஞ்சப் பணம் எல்லாம் அவள் நம்பும் ஒரு வீட்டில் இருக்கட்டும். சண்டை தொடங்கினால் குசினிப் பக்கம் போகாமல் வாசல் பக்கம் நிற்கப் பழகட்டும். பக்கத்து வீட்டுக்காரிக்கு ஒரு அடையாளம் பேசி வைக்கலாம், பிள்ளையை அனுப்பிச் சீனி கேட்டால் பொலிசுக்கு எடு என்பது போல. உளவளத்துணை உத்தியோகத்தர் அவளைத் தனியாகப் பார்க்கட்டும். அவனோடு கதைக்க வேண்டுமென்றால் அதுவும் தனியாக, அவள் சம்மதத்தோடு, அதற்குப் பயிற்சி பெற்றவர் கதைக்கட்டும். உங்கள் பெரியவர்கள் வேண்டாம்.

சிலவற்றில் காத்திருக்கக் கூடாது. கழுத்தை நெரித்திருக்கிறான், கத்தி காட்டியிருக்கிறான், கர்ப்பமாக இருக்கும்போது அடிக்கிறான், கொன்றுவிட்டுத் தானும் சாவேன் என்கிறான். இதில் ஒன்று கேட்டாலும் அன்றைக்கே பொலிசும் வைத்தியசாலையும் பற்றி அவளோடு கதைத்துவிடுங்கள்.

மூதூர், சங்கத் தலைவி: பாதுகாப்புத் திட்டத்தை எங்கள் ஆட்களுக்கு வந்து சொல்லித் தாருங்கள். சமாதானம் பற்றி நான் இன்னும் முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை.

வருகிறேன். அங்கேயும் சண்டை பிடிப்போம்.

ஈச்சிலம்பற்று: குடியை நிறுத்தினால் எல்லாம் சரியாகும்தானே? கசிப்புத்தான் காரணம்.

குடித்துவிட்டுக் கிராம சேவகரையும் முதலாளியையும் அவன் அடிப்பதில்லையே. குடி நிலைமையை மோசமாக்கும், சிகிச்சைக்கு அனுப்புங்கள், ஆனால் அதை நம்பி அவள் பாதுகாப்பைத் தள்ளிப்போட வேண்டாம்.

குச்சவெளி: மாதாந்தக் கூட்டக் குறிப்பில் இப்படியான விடயங்களை எப்படி எழுதுவது?

எழுதாதீர்கள். கூட்டக் குறிப்பு எல்லோரும் வாசிக்கும் புத்தகம். "ஒருவருக்கு ஆலோசனை வழங்கப்பட்டது" என்பதுகூடச் சின்ன ஊரில் போதும், யாரென்று பிடித்துவிடுவார்கள். தேவையானால் ஒருவர் மட்டும் பூட்டிய பெட்டியில் தனிக் கொப்பி வைக்கட்டும், அதிலும் பெயருக்குப் பதில் எண். வாட்ஸ்அப் குழுவில் எதுவும் வேண்டாம், குரல் பதிவு வேண்டவே வேண்டாம்.

நவம்பர் 25 முதல் டிசம்பர் 10 வரை பெண்களுக்கெதிரான வன்முறையை எதிர்க்கும் 16 நாள் இயக்கம் வரும்போது இதுதான் என் பெரிய தலையிடி. பதாகை, மெழுகுதிரி, படம். நன்கொடையாளர் படம் கேட்பார், அறிக்கைக்கு வேண்டும் என்பார். பதாகையைப் படம் எடுத்து அனுப்புங்கள், முகங்களை வேண்டாம். அந்தக் கூட்டத்தில் பின்வரிசையில் இருந்தவள் ஏன் அங்கே வந்தாள் என்று வீட்டில் கேட்பார்கள்.

அன்புவழிபுரம்: எங்கள் ஊரில் அப்படியொன்றும் பெரிதாக இல்லை. பயிற்சி தேவையா?

தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் 2019 ஆய்வில், துணையோடு வாழ்ந்த பெண்களில் 20.4 வீதம் பேர் வாழ்நாளில் துணைவரால் உடல்ரீதியான அல்லது பாலியல் வன்முறையை அனுபவித்ததாகச் சொன்னார்கள். அது நாடு முழுவதற்குமான கணக்கு. 25 பேர் கூட்டத்தில் ஐந்து பேர். உங்கள் ஊரில் இல்லை என்றால் உங்களிடம் சொல்லவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

திருகடலூர்: பாலியல் வல்லுறவு நடந்து ஒரு பிள்ளை எங்களிடம் வந்தால் முதல் வேலை என்ன?

வைத்தியசாலை. குளிக்காமல், உடை கழுவாமல் போனால் தடயத்துக்கு நல்லது. உடையை மாற்றியிருந்தால் பழையதைக் கடதாசிப் பையில் போடுங்கள், பொலித்தீன் வேண்டாம். குளித்துவிட்டாலும் கூட்டிக்கொண்டு போங்கள், "ஏன் குளித்தாய்" என்று கேட்காதீர்கள். கர்ப்பம் தரிக்காமல் இருக்கவும் எச்ஐவி தொற்றாமல் இருக்கவும் மருந்து கொடுப்பார்கள், எச்ஐவி மருந்தை 72 மணிக்குள் தொடங்க வேண்டும். முந்தினால் நல்லது. சட்ட வைத்திய அதிகாரி பரிசோதிப்பார், அவள் சம்மதம் வேண்டும், கூட ஒருவர் நிற்கலாமா என்று கேளுங்கள். என்ன நடந்தது என்று சங்கத்தில் ஆளுக்கொருவராக விசாரிக்க வேண்டாம், அவள் ஒருமுறை சொன்னால் போதும், அது வைத்தியரிடமும் பொலிசிடமும் இருக்கட்டும். 16 வயதுக்குக் குறைந்தவள் என்றால் "சம்மதத்தோடுதான்" என்ற பேச்சுக்கே சட்டத்தில் இடமில்லை.

கட்டைபறிச்சான்: உதவி இலக்கம் என்ன மிஸ்?

மேலே இருக்கிறது.

தோப்பூர்: வீட்டுத்திட்டப் பட்டியலில் சேர்க்க ஒரு அதிகாரி தனியாக வந்து சந்திக்கச் சொல்கிறார். விதவை ஒருவர் சொன்னது. இது வன்முறையில் சேருமா?

சேரும். அது பாலியல் லஞ்சம். 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டத்தின் கீழ் குற்றம். லஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் தொலைபேசி இலக்கம் 1954. குறுஞ்செய்தி வந்திருந்தால் அழிக்க வேண்டாம்.

சல்லி: பயிற்சிக்குச் சான்றிதழ் தருவார்களா?

தருவார்கள்.

இறக்கக்கண்டி: 1938 என்பது பெண்களுக்கா சிறுவர்களுக்கா?

பெண்களுக்கு. இனி இந்த இலக்கம் கேட்டு வரும் கேள்விகளை எடுக்கப் போவதில்லை.

சம்பூர்: பயிற்சி எடுத்த எங்கள் பிள்ளைகளுக்கே இரவில் நித்திரை வருவதில்லை. 2006 இடப்பெயர்வில் பட்டது எல்லாம் மற்றவர் கதை கேட்கும்போது திரும்ப வருகிறது.

நடக்கும். சுனாமியையும் யுத்தத்தையும் பார்த்தவர்களைத்தான் நாங்கள் கேட்க உட்கார வைக்கிறோம். எல்லோரும் கேட்பவராக இருக்கத் தேவையில்லை. ஒருத்தி ஆட்டோ ஒழுங்கு செய்யட்டும், ஒருத்தி பிள்ளைகளைப் பார்க்கட்டும். கேட்பவர் தனியாகக் கேட்காமல் இருவராகப் போங்கள், முடிந்ததும் பெயர் சொல்லாமல் இருவரும் கதைத்துக்கொள்ளுங்கள். நித்திரையின்மை இரண்டு கிழமைக்கு மேல் போனால் வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போகட்டும், உதவி செய்பவர்களும் அங்கே போகலாம்.

சேருவில: திட்டம் முடிந்து பணம் நின்றால் எப்படித் தொடர்வது?

பெரிய பணம் தேவையில்லை. பயணச் செலவுக்கு மாதச் சந்தாவில் ஒரு பங்கை ஒதுக்குங்கள், கணக்கில் "போக்குவரத்து" என்று மட்டும் எழுதுங்கள். மாதம் ஒருமுறை ஒருவர் பட்டியலில் உள்ள இலக்கங்களுக்கு எடுத்துப் பார்க்கட்டும். வருடாந்த இடமாற்றம் வந்த பிறகு பொலிசிலும் பிரதேச செயலகத்திலும் ஆட்கள் மாறியிருப்பார்கள். புது ஆளிடம் நேரில் போய் அறிமுகமாகிவிட்டுப் பட்டியலைத் திரும்ப எழுதுங்கள்.