செருப்பு இருக்கட்டும், அந்தக் கால் ஆணியைக் காட்டுங்கள்

பெரம்பூர் வாசகிக்கு,

சர்க்கரை உள்ள காலுக்கு எந்தச் செருப்பு வாங்கலாம் என்பதில் தொடங்கி ஏழெட்டுக் கேள்வி கேட்டிருக்கிறீர்கள். நான் நின்றது கடைசிப் பக்கத்தில், போகிற போக்கில் நீங்கள் எழுதிய இடத்தில்: “மார்க்கெட்டிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகுதான் பார்த்தேன், இடது காலில் செருப்பு இல்லை. எங்கே கழன்றதென்றே தெரியவில்லை.” மறதி என்று நினைத்துச் சிரித்திருக்கிறீர்கள். அது மறதி இல்லை, அம்மா. 14 வருடச் சர்க்கரையில் பாதம் மரத்துப் போனவர்கள் எங்களிடம் வந்து சொல்வது இதைத்தான்.

அதே காலில் பெருவிரலுக்குக் கீழே ஓர் ஆணி, நடுவில் கறுத்திருக்கிறது, வலி இல்லை, மருந்துக்கடையில் வாங்கிய ஆணி பிளாஸ்டர் ஒட்டுகிறேன் என்கிறீர்கள். வலி இல்லாததுதான் ஆபத்து. நடக்கும்போது ஒரே இடத்தில் பாரம் விழுந்து தோல் தடிக்கிறது. தடித்த தோல் கல் மாதிரி உள்ளே அழுத்துகிறது. அடியில் ரத்தம் கசிந்து கறுக்கிறது. அதற்குக் கீழே புண் தொடங்கியிருக்கலாம். உணர்ச்சி உள்ளவர் நொண்டி நொண்டியாவது அந்த இடத்தைக் காப்பாற்றிக்கொள்வார். நீங்கள் அதன் மேலேயே நடந்துகொண்டிருக்கிறீர்கள். அந்த பிளாஸ்டரில் இருப்பது சாலிசிலிக் அமிலம். ஆணியை மட்டும் பார்த்து அரிக்க அதற்குத் தெரியாது, பக்கத்துத் தோலையும் சேர்த்துப் புண்ணாக்கும். இன்றே எடுத்துவிடுங்கள். பிளேடால் சீவுவதும் வேண்டாம்.

உங்கள் உண்மையான பயம் எதிர்வீட்டுக்காரருக்குக் காலை எடுத்தது. சர்க்கரை இருக்கிறது என்பதற்காக யாருக்கும் காலை எடுப்பதில்லை. அப்படிக் கால் இழந்தவர்களில் சுமார் 85 சதவீதம் பேருக்கு அதற்கு முன்பே பாதத்தில் ஒரு புண் இருந்திருக்கிறது. அந்தக் கட்டத்துக்கு முன்னால் நீங்கள் நிற்கிறீர்கள், அல்லது வாசலில் நிற்கிறீர்கள். எது என்பதை இந்த வாரமே தெரிந்துகொள்ள வேண்டும். உங்களுக்குப் பக்கம் ஸ்டான்லி அரசு மருத்துவமனை; நீரிழிவுக்கென்று அங்கே 1948-லேயே தனிப் பிரிவு தொடங்கிவிட்டார்கள். நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு உணர்ச்சி பார்ப்பார்கள், கால் நாடியைப் பிடித்து ரத்த ஓட்டம் பார்ப்பார்கள், ஆணியைச் செதுக்கி அடியில் என்ன என்று பார்ப்பார்கள். புண் இருந்தால் அது ஆறும்வரை அந்த இடத்தில் பாரமே விழக்கூடாது. அப்போது எந்தச் செருப்பும் மருந்தாகாது.

மற்றவை சில்லறை. குதிகால் வெடிப்புக்கு வாசலின் போதும், விரல் இடுக்கில் மட்டும் தடவாதீர்கள். மஞ்சள் நகம் பூஞ்சையாக இருக்கும், அவசரமில்லை. எருக்கம் இலையை உள்ளங்காலில் கட்டி சாக்ஸ் போட்டுப் படுத்தால் சர்க்கரை இறங்கும் என்ற வீடியோவை யார் அனுப்பினார்களோ அவர்களுக்கே திருப்பி அனுப்புங்கள். எருக்கம்பால் தோலைப் புண்ணாக்கும். முள்முள்ளாக இருக்கும் அக்குபிரஷர் செருப்பையும் குப்பையில் போடுங்கள்.

இப்போது செருப்பு. இணையத்தில் பார்த்த ஆறாயிரம் ரூபாய் ஷூவை உங்கள் காலைப் பார்க்காமல் விற்கிறார்கள் என்பதே எனக்குப் போதுமான காரணம், வாங்காதீர்கள். உணர்ச்சி மரத்த பாதத்துக்கு எம்.சி.ஆர். (மைக்ரோ செல்லுலார் ரப்பர்) செருப்பு என்று கேளுங்கள். உள்ளே மெத்தென்ற நுண்துளை ரப்பர், அடியில் இரும்பாணி ஏறாத கெட்டி சோல், பின்னால் வார். தொழுநோயாளிகளின் மரத்த பாதங்களுக்காக வேலூரில் பால் பிராண்ட் போன்ற மருத்துவர்கள் பயன்படுத்திய ரப்பர்தான் இது. நீங்கள் போடும் ஹவாய் செருப்பு கழன்றால் தெரியாது, அதன் வார் விரல் இடுக்கையும் அறுக்கும். அது வேண்டாம்.

அளவு பார்க்கும்போது ஒரு சிக்கல் உண்டு. மரத்த காலுக்குச் சரியான அளவு தொளதொளவென்று தோன்றும். இறுக்கிப் பிடித்தால்தான் போட்ட உணர்வே வரும். அதனால் சின்ன அளவைக் கேட்டு வாங்கிவிடுவார்கள். உங்கள் காலை நம்பாதீர்கள். நின்றபடி இரண்டு பாதத்தையும் தாளில் வரைந்து, பெரிய பாதத்தின் கோட்டை வெட்டிக் கடைக்கு எடுத்துப் போங்கள். தாள் மடங்காமல் உட்கார வேண்டும், நீளமான விரலுக்கு முன்னால் ஒரு சென்டிமீட்டராவது இடம் வேண்டும். பாதம் சற்று வீங்கியிருக்கும் மாலையில் போவது நல்லது. முதல் நாள் ஒரு மணி நேரம் மட்டும் போட்டுக் கழற்றி, பாதத்தைப் பாருங்கள். சிவந்த இடம் அரை மணியில் மறையவில்லை என்றால் அந்தச் செருப்பு உங்களுக்கு ஆகாது. வீட்டுக்குள் ஒரு ஜோடி தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

கோயிலுக்கு எப்படிப் போவது என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகப் போங்கள்; விடியற்காலையில், கெட்டியான பருத்தி சாக்ஸோடு. சித்திரை வெயிலில் மதியம் பிராகாரம் சுற்றிவிட்டு, கொப்புளத்தை மறுநாள் பார்ப்பவர்கள் வருடா வருடம் வருகிறார்கள். யாரும் சூட்டை உணர்ந்ததில்லை.

ஆணி இருக்கும் இடத்தில் ஈரமோ நாற்றமோ, பாதம் சிவந்து சூடாவதோ, காய்ச்சலோ வந்தால் மட்டும் புறநோயாளர் சீட்டுக்குக் காத்திருக்க வேண்டாம். இரவானாலும் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.