ஏரியில் மீன் விட்டால் புண்ணியமா?

கேள்வி: பாசி தின்னும் என்று கடைக்காரர் சொன்னதால் விரலளவு ‘சக்கர்’ மீன் ஒன்று வாங்கித் தொட்டியில் விட்டோம். இப்போது ஒரு அடி வளர்ந்துவிட்டது. வீடு மாறுகிறோம், கொண்டுபோக இடமில்லை. அல்சூர் ஏரியில் விட்டால் புண்ணியம் என்கிறார் மாமியார். விடலாமா?
– ஒரு வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: விடாதீர்கள் அம்மா. மாமியாரின் இரக்கம் பெரிது. ஆனால் அந்த ஏரியில் ஏற்கெனவே வாழும் மீன்களுக்கும் அது சேர வேண்டும்.

இது தென் அமெரிக்க ஆற்று மீன். உடம்பெல்லாம் எலும்புத் தகடு, கொக்கோ விராலோ லேசில் விழுங்க முடியாது. கெட்ட தண்ணீரிலும் காற்றைக் குடித்துப் பிழைத்துக்கொள்ளும். கரையில் வளை தோண்டி முட்டையிடும். வலையில் மாட்டினால் முள்ளால் வலையைக் கிழிக்கும்.

ஒன்று தனியாகப் பெருகாதே என்று தோன்றலாம். இந்த ஊரில் வீடு மாறுகிறவர் நீங்கள் ஒருவர்தானா? அதோடு, அல்சூர் நிரம்பி வழியும் தண்ணீர் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழியாகத் தென்பெண்ணைக்குப் போகிறது. அப்புறம் ஓசூர் கெலவரப்பள்ளி அணை, கிருஷ்ணகிரி, சாத்தனூர், கடலூர். இங்கே ஒரு வாளியைக் கவிழ்ப்பது அங்கே வலை வீசுகிறவர்களின் ஆற்றில் கவிழ்ப்பதுதான்.

நல்ல எண்ணத்தில் விட்ட மீனும் கெடுதல் செய்யும். ஜிலேபி கெண்டையை 1952-இல் உணவுக்காகத்தான் கொண்டுவந்தார்கள். முட்டையை வாயிலேயே வைத்துக் காக்கும் மீன் அது, குளம் குளமாகப் பரவிவிட்டது. எனக்கு அதிகம் வலிப்பது காவிரியின் கதை. நாம் குடிக்கும் அந்த ஆற்றுக்கே உரியது திமில் மஹ்சீர். ஆள் எடைக்கு வளரக்கூடிய மீன். ஆற்றில் மஹ்சீர் பெருகட்டும் என்று 1970-களிலிருந்து மகாராஷ்டிராவின் லோனாவாலா மீன் பண்ணையில் பொரித்த, நீலத்துடுப்பு மஹ்சீர் என்ற வேறு இனத்தின் குஞ்சுகளைக் காவிரியில் விட்டார்கள். வந்தது பெருகியது, இருந்தது குறைந்தது. அணை, மணல் அள்ளுவது, வெடி வைத்துப் பிடிப்பது எல்லாமும் காரணம்தான். ஆனால் உதவி என்று செய்ததும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிட்டது. திமில் மஹ்சீரின் அறிவியல் பெயர் இன்னதென்று உறுதியானதே 2018-இல்தான். அதே ஆண்டு, அழிவின் விளிம்பில் உள்ள இனமாக, உலக அளவில் ஆபத்திலுள்ள உயிரினங்களைக் குறிக்கும் சிவப்புப் பட்டியலில் ஏறிவிட்டது.

உங்கள் மீனை வாங்கிய கடையிலேயே திருப்பிக் கேட்டுப் பாருங்கள், பணம் வேண்டாம் என்று சொல்லியே கொடுங்கள். இல்லாவிட்டால் பெரிய தொட்டி வைத்திருப்பவரைத் தேடுங்கள். தொட்டித் தண்ணீரையும் பாசியையும்கூட ஏரியிலோ மழைநீர்க் கால்வாயிலோ கொட்டாதீர்கள். தண்ணீரை மாடிச் செடிகளுக்கு ஊற்றிவிடுங்கள்.