இரண்டாவது பேஸில் ஓசி ரன்னர்

கேள்வி: 1983-இல் கோயம்புத்தூரிலிருந்து வேலைக்காக டெட்ராய்ட் பக்கம் வந்தவன் நான். அடுத்த வருடமே ஊர் அணியான டைகர்ஸ் வேர்ல்ட் சீரிஸை, அதாவது அமெரிக்க பேஸ்பால் சாம்பியன் பட்டத்தை, ஜெயித்தது. அன்றைக்குப் பிடித்த பேஸ்பால் பைத்தியம். மிச்சிகன் அவென்யூவும் ட்ரம்புல்லும் சேரும் முனையில் இருந்த பழைய டைகர் ஸ்டேடியத்தில் எத்தனையோ மதியங்களைக் கழித்திருக்கிறேன். இப்போது ஆடுவது அந்த ஆட்டமே இல்லை. பந்து போடுவதற்குக் கடிகாரம். பந்து போடும் பிட்ச்சர் பேட் பிடிப்பதில்லை. நன்றாகப் போட்டுக்கொண்டிருக்கும் பிட்ச்சரை ஆறாவது இன்னிங்ஸோடு உட்கார வைத்துவிடுகிறார்கள். ஆட்டம் சமனாகிப் பத்தாவது இன்னிங்ஸ் வந்தால் இரண்டாவது பேஸில், அதாவது பாதி ஓட்டம் ஓடிய இடத்தில், இனாமாக ஒரு ரன்னர். பன்னிரண்டு அணிகள் பிளே ஆஃப் போகின்றன. 2026-இலிருந்து ரோபோ அம்பயர் வேறு. டிவி முன்னால் உட்கார்ந்தாலே வாயில் திட்டுதான் வருகிறது. பதினோரு வயதுப் பேரன், "தாத்தாகூட மேட்ச் பார்க்க மாட்டேன்" என்று எழுந்து போய்விட்டான். மகன் எங்கள் மூன்று பேருக்கும் இந்த சீசனுக்கு டிக்கெட் வாங்கி வைத்திருக்கிறான். எனக்குப் போக மனமில்லை. பேசாமல் இந்த ஆட்டத்தையே விட்டுவிடலாமா?
– மிச்சிகன் வாசகர்

பதில்: ஐயா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை, பாவம், நியாயம்தானே என்று தோன்றியது. இரண்டாம் முறை ஓர் இடத்தில் சிரிப்பு வந்துவிட்டது, கோபித்துக்கொள்ளாதீர்கள். பிட்ச்சர் பேட் பிடிப்பதில்லை என்று வருத்தப்பட்டிருக்கிறீர்களே, டைகர் ஸ்டேடியத்தில் நீங்கள் பார்த்த காலத்தில் எந்தப் பிட்ச்சர் பேட் பிடித்தார்? மேஜர் லீகில் அமெரிக்கன், நேஷனல் என்று இரண்டு பிரிவு, டைகர்ஸ் அமெரிக்கன் லீக் அணி. பிட்ச்சருக்குப் பதிலாக வேறொருவர் மட்டை பிடிக்கும் டி.எச். விதி அந்த லீகில் 1973-லேயே வந்துவிட்டது. 1984 வேர்ல்ட் சீரிஸையும் அதே விதிப்படிதான் ஆடினார்கள். 2022-இல் நேஷனல் லீகும் அந்த வழிக்கு வந்தது. அதற்கு அந்த லீகைச் சேர்ந்த செயின்ட் லூயிஸ்காரர் அழலாம். டெட்ராய்ட்காரர் அழுவது, பக்கத்து வீட்டுச் சாவுக்கு நம் வீட்டில் பந்தல் போடுகிற மாதிரி.

உங்களை மடக்குவதற்காக இதைச் சொல்லவில்லை. பழையது என்று நாம் சொல்வதில் பாதி, நாம் வந்து சேர்ந்த அன்றைக்கு இருந்தது, அவ்வளவுதான். 1984-இல் உங்கள் பக்கத்து சீட்டில் ஒரு பெரியவர் இருந்திருப்பார். அவர் மனதில் 1968 ஓடிக்கொண்டிருந்திருக்கும். அந்த வருடம் டைகர்ஸ் பிட்ச்சர் டென்னி மெக்லெய்ன் 31 ஆட்டங்களை ஜெயித்தார். மிக்கி லோலிச் வேர்ல்ட் சீரிஸில் மூன்று ஆட்டங்களைத் தொடக்கம் முதல் கடைசிவரை தானே போட்டு மூன்றையும் வென்று கொடுத்தார். பிட்ச்சர்களின் கை அந்த அளவுக்கு ஓங்கிவிட்டது என்றுதான் மறுவருடம் அவர்கள் நிற்கும் மேட்டை 15 அங்குலத்திலிருந்து 10 அங்குலமாக வெட்டிக் குறைத்தார்கள். அந்தப் பெரியவரைக் கேட்டிருந்தால், மேட்டையும் வெட்டி, பிட்ச்சர் கையிலிருந்து மட்டையையும் பிடுங்கிய பிறகு இதெல்லாம் ஒரு ஆட்டமா என்றிருப்பார். உங்களுக்குப் பொற்காலம், அவருக்குக் கலிகாலம்.

சரி, கடிகாரத்துக்கு வருவோம். இதில் நான் முழுக்க எதிர்க்கட்சி. 2021-இல் ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டம் முடிய சராசரியாக மூன்று மணி பத்து நிமிடம் ஆனது. அந்த நேரமெல்லாம் எங்கே போனது? பேட்டர் ஒவ்வொரு பந்துக்கும் வெளியே வந்து கையுறையின் பட்டையைக் கழற்றி ஒட்டுவார். பிட்ச்சர் மேட்டைச் சுற்றி ஒரு பிரதட்சணம் வருவார். பால் பொங்குவதற்குக் காத்திருப்பது போல நாம் உட்கார்ந்திருந்தோம். 2023-இல் கடிகாரம் வைத்தார்கள். பேஸில் ஆள் இல்லையென்றால் 15 விநாடி, இருந்தால் 20, மறுவருடம் அது 18. தாமதித்தால் பிட்ச்சருக்கு ஒரு பால் (நான்கு சேர்ந்தால் பேட்டர் அடிக்காமலே முதல் பேஸுக்குப் போகலாம், அதுதான் வாக்), பேட்டருக்கு ஒரு ஸ்ட்ரைக் (மூன்று சேர்ந்தால் ஸ்ட்ரைக் அவுட்) என்று தண்டனை. முதல் வருடமே சராசரி இரண்டு மணி நாற்பது நிமிடத்துக்கு இறங்கியது. 1985-இல் எவ்வளவு தெரியுமா? அதே இரண்டு மணி நாற்பது! டைகர்ஸுக்கு ட்ராமலும் விட்டேக்கரும் ஆடியபோது உங்கள் மதியம் எந்த வேகத்தில் நகர்ந்ததோ, அந்த வேகம்தான் இது. அன்றைக்குக் கடிகாரம் தேவைப்படவில்லை, ஏனென்றால் பந்தைக் கையில் வாங்கியதும் போட்டுவிட்டார்கள்.

அதே 2023-இல்தான் பேஸின் அளவை 15 அங்குலத்திலிருந்து 18 ஆக்கினார்கள். ரன்னரைப் பயமுறுத்த பிட்ச்சர் ஓயாமல் முதல் பேஸுக்கு எறிந்துகொண்டே இருப்பதற்கும் வரம்பு வைத்தார்கள். பிட்ச்சர் அசந்த நேரத்தில் ரன்னர் அடுத்த பேஸுக்கு ஓடிச் சேர்வதைத் திருட்டு என்பார்கள். 2022-இல் எல்லா அணிகளும் சேர்ந்து திருடிய பேஸ்கள் 2,486. அடுத்த வருடம் 3,503. 1987-க்குப் பிறகு இவ்வளவு திருட்டு நடந்ததே இல்லை. உங்களுக்குப் பிடித்த அந்த ஓட்டமும் பாய்ச்சலும் இத்தனை வருடம் கழித்து ஊர் திரும்பி வாசலில் நிற்கின்றன. நீங்கள் யாரென்று பார்க்காமலே கதவைச் சாத்துகிறீர்கள்.

கடிகாரத்தால் ஒன்று போனது உண்மை. ஒன்பதாவது இன்னிங்ஸ், ஒரு ரன் வித்தியாசம், மூன்று பால் இரண்டு ஸ்ட்ரைக். பிட்ச்சர் கேட்சரையே வெறித்துப் பார்த்துக்கொண்டு நிற்பார், நாற்பதாயிரம் பேரும் மூச்சை அடக்கிக்கொள்வார்கள். அந்த இடத்தில் ஓடும் எண்களைப் பார்த்தால் எனக்கும் எரிச்சல்தான்.

இப்போது உங்கள் நிஜமான வலிக்கு வருகிறேன். கடிதத்தில் அதைப் பட்டியலின் நடுவே ஒளித்து வைத்திருக்கிறீர்கள். பிட்ச்சரை ஆறாவது இன்னிங்ஸோடு உட்கார வைப்பது. 2025 அக்டோபர் 10-ஐ நினைத்துத்தானே எழுதினீர்கள்? எனக்கு அது சனிக்கிழமை காலை. சியாட்டிலில் பிளே ஆஃப் தொடரின் ஐந்தாவது ஆட்டம், தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். டைகர்ஸ் பிட்ச்சர் டாரிக் ஸ்கூபல் ஆறு இன்னிங்ஸில் 13 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்திருந்தார். ஒரு வாக் கிடையாது. டைகர்ஸ் 2–1 முன்னிலை. 99 பந்து ஆகிவிட்டது என்று எடுத்துவிட்டார்கள். ஏழாவது இன்னிங்ஸிலேயே சியாட்டில் சமன் செய்தது. ஆட்டம் மொத்தம் கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம் இழுத்து, பதினைந்தாவது இன்னிங்ஸில் 3–2 என்று தோற்றோம். எனக்கு முன்னால் தட்டில் இட்லி கல்லாகியிருந்தது.

அன்றைய டைகர்ஸ் பிட்ச்சர் ஜாக் மோரிஸ் 1984 வேர்ல்ட் சீரிஸில் போட்டது இரண்டு ஆட்டம். இரண்டையும் தானே முடித்தார். 1991-இல் மினசோட்டாவுக்காக, சீரிஸின் ஏழாவது ஆட்டத்தில் பத்து இன்னிங்ஸ் போட்டு 1–0 என்று ஜெயித்தார். வாழ்நாளில் அவர் முடித்த ஆட்டங்கள் 175. 2024-இல் முப்பது அணிகளின் அத்தனை பிட்ச்சர்களும் சேர்ந்து முடித்தவை 28. இதைப் படித்தால் எந்தப் பழைய ரசிகனுக்கும் வயிறு எரியும்.

ஆனால் ஐயா, இதற்கு எந்த விதியும் காரணமில்லை. பிட்ச்சரை எடு என்று எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை. எடுப்பது கணக்கு. அதே பேட்டர்கள் மூன்றாம் சுற்று வரும்போது பிட்ச்சரின் பந்து அவர்களுக்குப் பழகிவிடுகிறது, அடி அதிகமாக விழுகிறது என்று புள்ளிவிவரம் சொல்கிறது. அந்த நேரத்தில் களைத்த நல்ல பிட்ச்சரைவிட, வெளியே காத்திருக்கும் சுமாரான புதுக் கை மேல் என்று ஒவ்வொரு அணியும் முடிவு கட்டிவிட்டது. ஐந்தாறு இன்னிங்ஸ்தான் என்று தெரிந்துவிட்டால் பிட்ச்சரும் சக்தியைச் சேமிப்பதில்லை, முதல் பந்திலிருந்தே முழு வேகம். ஸ்ட்ரைக் அவுட் ஏறிக்கொண்டே போய், 2018-இல் முதல் முறையாக ஒரு சீசனில் ஹிட்களைவிட ஸ்ட்ரைக் அவுட்கள் அதிகமாகிவிட்டன. ஆட்டத்தை உங்களிடமிருந்து பறித்தது இந்தக் கணக்குதான். நீங்கள் திட்டும் 2023 விதிகளில் பெரும்பாலானவை இந்தக் கணக்கு கெடுத்ததைச் சரிசெய்யப் பார்க்கின்றன. திருடனை விட்டுவிட்டுப் பூட்டு மாற்ற வந்தவனைத் திட்டுகிறீர்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் வருவதற்கு ஏழு வருடம் முன்பு டெட்ராய்ட்டையே மயக்கிய பிட்ச்சர் மார்க் ஃபிட்ரிச்சைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பந்தோடு பேசுவார், மண்டிபோட்டு மேட்டைக் கையால் தடவிச் சரிசெய்வார். 1976-இல் புதுமுகமாக வந்து 24 ஆட்டங்களை முழுதாகப் போட்டார். மறுவருடம் முழங்காலில் அடி, அப்புறம் தோள். அதன் பிறகு அவருக்குக் கிடைத்தது மொத்தம் பத்தே வெற்றி. 1980-க்குப் பிறகு மேஜர் லீகில் அவர் இல்லை. முழு ஆட்டம் போட்ட காலத்தை நினைக்கும்போது நமக்கு மோரிஸ்தான் ஞாபகம் வருகிறார், ஃபிட்ரிச் வருவதில்லை. இப்போதும் பிட்ச்சர்களின் முழங்கை கிழிந்துகொண்டுதான் இருக்கிறது. அது அளவுக்கு மீறிய வேகத்தால். அந்தக் காலமும் கைகளைத் தின்றது, இந்தக் காலமும் தின்கிறது.

அதோடு, 2025 மே 25 நினைவிருக்கிறதா? கிளீவ்லேண்டுக்கு எதிராக அதே ஸ்கூபல் ஒன்பது இன்னிங்ஸும் போட்டார். 94 பந்து, 13 ஸ்ட்ரைக் அவுட், ரன் கிடையாது. கடைசிப் பந்தின் வேகம் மணிக்கு 102.6 மைல். டெட்ராய்ட்டிலேயே நடந்தது. அன்றைக்கும் திட்டிக்கொண்டிருந்தீர்களா?

ரோபோ அம்பயர் என்று நீங்கள் எழுதியதும் கொஞ்சம் அதிகம். அம்பயர் கேட்சருக்குப் பின்னால் நிற்கத்தான் போகிறார். அணிக்கு இரண்டு முறையீடு. பிட்ச்சர், கேட்சர், பேட்டர் மூவரில் ஒருவர் உடனே தலையைத் தட்டிக் கேட்க வேண்டும், கேமரா தீர்ப்பு சொல்லும். முறையீடு சரியென்றால் வாய்ப்பு குறையாது. நம் கிரிக்கெட்டின் டி.ஆர்.எஸ். தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். இதில் எனக்கே மனம் இரண்டுபட்டுத்தான் கிடக்கிறது, அதற்குக் காரணமும் உங்கள் ஊர்தான். 2010 ஜூன் 2, டைகர்ஸ் பிட்ச்சர் அர்மாண்டோ கலராகா 26 பேரை வரிசையாக அவுட் ஆக்கியிருந்தார். இருபத்தேழாவது ஆளும் முதல் பேஸில் தெளிவாக அவுட். அம்பயர் ஜிம் ஜாய்ஸ் சேஃப் என்றார். எதிரணியில் ஒருவர்கூட பேஸை எட்டாத பெர்ஃபெக்ட் கேம் கையை விட்டுப் போனது. கலராகா ஒரு புன்னகை பூத்துவிட்டு மேட்டுக்குத் திரும்பி நடந்தார். ஜாய்ஸ் ரீப்ளே பார்த்துவிட்டுத் தப்பு என்னுடையது என்று ஒப்புக்கொண்டார். மறுநாள் ஆட்டத்துக்கு முன் அணிப் பட்டியலைக் கலராகாவே அவரிடம் கொண்டுபோய்க் கொடுக்க, ஜாய்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டார். 2014-இல் வந்த ரீப்ளே விதி அன்றைக்கே இருந்திருந்தால் ஒரு நிமிடத்தில் சரியாகியிருக்கும். கலராகாவுக்குச் சேர வேண்டியது சேர்ந்திருக்கும், நமக்கு இந்தக் கதை இருந்திருக்காது. நான் கலராகா பக்கம். ஆனால் தூக்கம் வராத ராத்திரியில் நினைத்துப் பார்ப்பது கதையைத்தான்.

பன்னிரண்டு அணி பிளே ஆஃபைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2024, 2025 இரண்டு வருடமும் டைகர்ஸ் உள்ளே நுழைந்தது லீகின் ஆறாவது, அதாவது கடைசி இடத்தைப் பிடித்து. 1984 முறைப்படி அக்டோபரில் நீங்கள் தோட்டத்தில் இலை பெருக்கிக்கொண்டிருந்திருப்பீர்கள்.

ஓசி ரன்னர் விஷயத்தில் மட்டும் நான் உங்கள் கட்சி, கொடி பிடித்து வருகிறேன். 2020-இல் கொரோனாவுக்காகத் தற்காலிகமாகக் கொண்டுவந்தார்கள், 2023-இல் நிரந்தரமாக்கிவிட்டார்கள். ஒருவன் அடிக்காமல், ஓடாமல், வாக்கும் வாங்காமல் இரண்டாவது பேஸில் போய் நிற்கிறான். பந்தியில் உட்காராமலே பாயசம் வந்த மாதிரி. சியாட்டிலில் அன்றைக்குப் பதினைந்து இன்னிங்ஸ் போனதே, பிளே ஆஃபில் இந்த விதி கிடையாது என்பதால்தான். தோற்றாலும் அது ஆட்டமாக இருந்தது. முக்கியமான ஆட்டத்துக்கு இந்த விதி ஆகாது என்று அவர்களுக்கே தெரிகிறது பாருங்கள்.

விட்டுவிடலாமா என்று கேட்டீர்கள். விடாதீர்கள். டிக்கெட்டை வீணாக்காமல் போங்கள். மைதானத்தில் மூன்று இன்னிங்ஸுக்கு ஒரு புகார் என்று அளவு வைத்துக்கொள்ளுங்கள், டி.ஆர்.எஸ். மாதிரி. எந்தப் புகாரை எப்போது எடுப்பது என்று யோசிக்க ஆரம்பித்தாலே பாதி தேவைப்படாமல் போய்விடும். பேரன் ஓடிப்போனது உங்கள் பழைய காலத்துக்குப் பயந்து இல்லை, திட்டுக்குப் பயந்து. பழைய காலம் அவனுக்குப் பிடிக்கும். டைகர் ஸ்டேடியத்தில் சென்டர் ஃபீல்டின் ஆடுகளத்துக்குள்ளேயே கொடிக்கம்பம் நின்றதைச் சொல்லியிருக்கிறீர்களா? ரேடியோவில் எர்னி ஹார்வெல், ஃபௌல் பந்து, அதாவது கோட்டுக்கு வெளியே போகும் அடி, கூட்டத்துக்குள் போய் விழுந்தால் அதைப் பிடித்தவர் இன்ன ஊர்க்காரர் என்று ஏதாவது ஒரு மிச்சிகன் ஊர் பெயரைக் கூசாமல் அடித்துவிடுவாரே, அதைச் சொன்னீர்களா? ஒரு சாயங்காலம் நீங்கள் இரண்டு பேருமாக உட்கார்ந்து, ஒவ்வொரு ஃபௌலுக்கும் ஓர் ஊர் பெயர் சொல்லிப் பாருங்கள். கோயம்புத்தூர்க்காரர் ஒருத்தரும் ஒரு பந்து பிடிக்கட்டும்.

ஒரு ஸ்கோர் நோட்டும் இரண்டு பென்சிலும் எடுத்துப் போங்கள். மட்டையைச் சுழற்றி ஸ்ட்ரைக் அவுட் ஆனால் நேரான கே (K), பார்த்துக்கொண்டே நின்று அவுட் ஆனால் திருப்பிப் போட்ட கே என்று கற்றுக்கொடுங்கள். ஆட்டம் சமனாகிப் பத்தாவது இன்னிங்ஸுக்குப் போனால், இரண்டாவது பேஸில் திடீரென்று முளைத்தவனுக்கு என்ன குறி போடுவது என்று அவனையே கேளுங்கள். உங்கள் பழைய நோட்டில் அதற்கு ஒரு குறியும் இருக்காது. அவன் என்ன வரைந்தான் என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.